சாணம் மெழுகிய அடுக்களை

மருமகன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் மகள் கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். தாயில்லாத வீடு. மருமகன் போன அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக மீளவில்லை. அவள்தான் முதலில் எழுந்து நின்றாள். விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து அடுக்களை வாசலிலேயே விற்றாள். எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி, தவுக்கேகூட ஆளனுப்பி வாங்கினார்.

குடியிருக்கும் வீட்டில் பலகாரம் செய்து விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று முனிசிபல் ஆள் வந்து சொன்னான். கிடைக்காவிட்டால் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசார்ச் சந்தையில்தான் நிற்க வேண்டும். அதை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவன். சட்டத்தை ஆங்கிலத்திலேயே வாசித்தேன். பாத்திரங்களுக்கு மூடி வாங்கினேன், சாக்கடையைக் கழுவினேன், அடுக்களையில் கிடந்த பாயை எடுத்தேன். "துரை வர்றப்போ அடுக்களை சுத்தமா இருக்கணும்மா" என்று பலமுறை சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் துரையை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மண்தரை பச்சையாக, வழவழவென்று மெழுகியிருந்தது. ஓரத்தில் கோலம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன நாற்றம் இது என்று மலாயில் கேட்டார்.

மகள் பெருமையாகச் சொன்னாள்: "தாஹி லெம்பு, துவான்! மாட்டுச் சாணி, இப்பத்தான் மெழுகினேன்."

துரையோடு வந்த தமிழ்ப் பியூன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, நீயே கவுத்திட்டியே!"

"ஏன் தம்பி, உங்க வீட்ல பன்னீரா தெளிக்கிறாங்க?"

நான், எங்கள் வழக்கத்தில் இதுதான் சுத்தம் என்று ஆங்கிலத்தில் தடுமாறினேன். துரை கோபப்படவில்லை. சிமெண்டுத் தரை போட்டுவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை விற்கக் கூடாது என்று போய்விட்டார்.

அடுத்த நாள் இடியாப்பம் வரவில்லையே என்று தவுக்கே தாமே வந்தார். நடந்ததைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தரைக்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே அவர் அனுப்பிய கொத்தனார் வந்தான். துரை மறுபடி வந்து பார்த்து லைசென்ஸ் கொடுத்தார்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மகள் முற்றத்தைச் சாணத்தால் மெழுகுகிறாள். அவள் கை அடுக்களை நிலைப்படிக்கு வெளியே நிற்கிறதா என்று பார்க்காமல் என்னால் வேலைக்குக் கிளம்ப முடிவதில்லை.

"உள்ள வரமாட்டேன்ப்பா, போங்க லா" என்கிறாள், நிமிராமலே.