கதவுக்கு அடித்த நீலம்

பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் எங்கள் சந்தில் நடக்கக்கூட இடம் இருக்காது. பக்கத்துக் கிறிஸ்துவக் கோயிலுக்கு ஊரெங்கும் இருந்து ஜனம் வரும். வந்தவர்கள் கண்ட இடத்தில் வண்டியை நுழைத்து நிறுத்துவார்கள், திரும்ப எடுக்கும்போது எதையாவது முட்டுவார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமை ஒரு வேன் பின்னால் வந்து எங்கள் கார்க் கதவை நசுக்கிவிட்டுப் போனது. உள்ளே ஒரு கல்யாணப் பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வெளியே ஓடி வருவதற்குள் வேன் முனை திரும்பிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். மெழுகுவத்தி விற்கிறவர்தான் பதில் சொன்னார். "விடும்மா, வெளியூர் வண்டி. யாருன்னு தேடுவ?"

கார் என்றதும் நாங்கள் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அது என் கணவர் மஸ்கட்டுக்குப் போன புதிதில், லீவில் வந்தபோது, யாரிடமோ வாங்கிய பழைய வண்டி. லீவு முடிந்து அவர் போய்விட்டார், வண்டி என் தலையில் விழுந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை சாவி போட்டுக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்குள் தையல் மிஷின், வாசலில் கார், நடுவில் நான். காலையில் முதல் வாடிக்கைக்காரி வந்து கூப்பிடும்வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. சில நாள் அவளுக்குப் பதில் சொல்லும்போது குரலே வராது, செருமிக்கொண்டுதான் பேசுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூரில் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. ஆட்களை ஏற்றி இறக்க வண்டி தேவைப்பட்டது. அவரே போனில் சொன்னார், "வந்து நம்ம வண்டிய வாடகைக்கு விட்டுட்டு நானே ஓட்டுறேன். இங்க இருந்தது போதும். இந்த வாட்டி வந்தா வந்ததுதான்." அதைக் கேட்ட நாளிலிருந்து நான் வேறு ஆள். புதுத் தலையணை உறை தைத்தேன். திரைச்சீலை மாற்றினேன். என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, கிழவிக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று.

வேன் முட்டியது அதற்குப் பிறகு. மறைக்க மனமில்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமை போனில் சொல்லிவிட்டேன்.

"பெரிய சொட்டையா?"

"ஒரு கதவு முழுக்க உள்ள போயிடுச்சுங்க. கீழ துருவும் ஏறியிருக்கு."

"அப்புறம் எப்படி? டிங்கரிங், பெயிண்டிங்னு இழுத்துட்டுப் போகும். அந்த மாதிரி வண்டிய எவன் கம்பெனில எடுப்பான்? சரி விடு, லீவுல வந்துட்டுப் போறேன். இன்னும் ரெண்டு வருஷம் பாத்துக்கலாம்."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு சொட்டைக்கு ரெண்டு வருஷமா? ஒரு தகரக் கதவு நசுங்கினதுக்கு நான் ரெண்டு வருஷம் தனியாகக் கிடக்கணுமா? விசாரித்த டிங்கர் கடைக்காரர் கேட்ட தொகையும் தலை சுற்ற வைத்தது. வண்டியைக் கடைக்கு ஓட்டி வர வேறு ஆள் பார்க்க வேண்டுமாம். போங்கய்யா என்று வந்துவிட்டேன். துணியில் விழுந்த சுருக்கத்தை எடுப்பவளுக்குத் தகரத்தில் விழுந்த சுருக்கத்தை எடுக்க முடியாதா என்ன? அவர் வரும்போது கதவு நேராக நிற்க வேண்டும். அப்போது என்ன சாக்கு சொல்கிறார், பார்த்துவிடலாம்.

கதவின் உள்பக்க அட்டையைத் திருகாணி கழற்றி எடுத்தேன். சொட்டையை உள்ளிருந்து தட்ட வேண்டும், வெளியே கனமாக எதையாவது அண்டக் கொடுக்க வேண்டும். தட்டுவதற்குச் சப்பாத்திக் கட்டை. அண்டக் கொடுக்க என் பழைய கரி இஸ்திரிப் பெட்டி. அதன் அடி அவ்வளவு வழவழப்பு, அவ்வளவு கனம். டிங்கர் கடையில் ஒருவர் உள்ளே தட்டுகிறார், இன்னொருவர் வெளியே பிடிக்கிறார். எனக்கு இன்னொருவருக்கு எங்கே போவது? கதவைத் திறந்துவிட்டு அதன் ஓரத்தில் நின்று, ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வெளியேயும் கொடுத்து, கன்னத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் அழுத்திக்கொண்டு தட்டினேன்.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா பால் பாக்கெட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார். "ஏன்ரீ, காரைக் கட்டிப்பிடிச்சிக்கினு என்ன பண்றீங்க?"

"வேற யாரக் கட்டிப்பிடிக்கிறதுங்க? இருக்கிறதத்தானே பிடிக்க முடியும்?"

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினேன்.

தட்டத் தட்டக் கதவு வழிக்கு வந்தது. முழுக்க இல்லை, மேடும் பள்ளமுமாக. துருவைச் சுரண்டி எடுத்து, செங்காவி பிரைமர் அடித்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டேன். ஆத்திரத்தில் முதல் தடவை தோசை மாவு மாதிரி தடிமனாகப் போட்டுவிட்டேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, இரண்டாம் தடவை மெல்லிசாகப் போட்டு, காயவிட்டு, அதன் மேல் இன்னொன்று. பிறகு வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து வாட்டர் பேப்பர் உப்புத்தாளால் தேய்ப்பு. தைத்துத் தைத்துக் காய்த்த விரல் என்று பெயர், நகக்கண்ணெல்லாம் எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். கை எங்கே தட்டுகிறதோ அங்கே மறுபடி தேய்ப்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பெயிண்டுக்கு, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் பஸ் ஏறினேன். கடையில் இருந்த பாய் என்னைத் தாண்டிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"மேஸ்திரிய அனுப்புங்கம்மா. உங்களுக்குப் புரியாது."

"மேஸ்திரியே நான்தான். நீலம் வேணும், எங்க வண்டி நீலம்."

"அப்படியா மேஸ்திரி!" என்று வாய்கொள்ளாமல் சிரித்தார். "நீலம்னா ஆயிரம் நீலம் இருக்கு. பெட்ரோல் மூடியக் கழட்டிட்டு வாங்க, அத வச்சுதான் கலர் சேக்கணும். எல்லாரும் அதத்தான் கொண்டாருவாங்க."

மறுநாள் மூடியைக் கழற்றி, முந்தானையில் சுற்றி எடுத்துப் போனேன். பாய் டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கலக்கி, மூடியின் மேலேயே ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். வைத்த இடமே தெரியவில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

பெயிண்ட் அடிக்கிற மிஷினுக்கு எங்கே போவது? மூட்டைப்பூச்சி மருந்தடிக்கிற கைப்பம்பு வீட்டில் இருந்தது. அதைத் தின்னரில் அலசி எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் பேப்பர் ஒட்டினேன். நம் பெங்களூர் வானத்தை நம்ப முடியுமா? ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப்போகும் என்று பாய் சொல்லியிருந்தார். நல்ல வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிசாகப் பூசல் மேல் பூசலாக அடித்தேன். காய்ந்ததும் பேப்பரை உரித்தேன். கதவு பளபளவென்று நின்றது. இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தவள், ஐயோ என்று தலையில் கை வைத்துவிட்டேன்.

கதவு ஒரு நீலம், வண்டி ஒரு நீலம். பாய் மேல் தப்பில்லை. பெட்ரோல் மூடி இருந்தது சுவரோரப் பக்கம். வண்டி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் வெயிலே பட்டதில்லை. நசுங்கிய கதவு இருந்த தெருப் பக்கம் வருடக்கணக்காக வெந்து வெளுத்துக் கிடந்திருக்கிறது. தினமும் பார்க்கிற எனக்கே அது தெரியவில்லை. வண்டி வாங்கிய அன்று இருந்த நிறம் அந்த ஒரு கதவுக்கு மட்டும் திரும்ப வந்திருந்தது. திரும்ப அடிக்கக் கையில் காசும் இல்லை, அவர் வர நாளும் இல்லை. போகட்டும், கதவு நேராக இருக்கிறதல்லவா என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அவர் வந்து இறங்கினார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு முதலில் வண்டியைத்தான் பார்த்தார்.

"கதவுக்கு ஏன் வேற கலர் அடிச்ச?"

"வேற கலர் இல்லைங்க, இதுதான் நம்ம கலர். வண்டி வெளுத்துப்போனத நீங்க பாக்கல, அவ்வளவுதான்." சுவரோரம் கூட்டிப் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தார். கதவைத் தடவினார். மூடிமூடித் திறந்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்.

"எந்த டிங்கர்கிட்ட குடுத்த?"

"நான்தான் பண்ணேன்."

"சும்மா சொல்லாத."

கைகளை நீட்டினேன். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது. அவர் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கேட்டுவிட்டேன்.

"வண்டி சரியாயிடுச்சு. இனிமே இங்கயே இருக்கலாம்ல?"

அவர் என் கையை விட்டார். வாசல்படியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டுதான் வந்திருக்கேன்மா. ரெண்டு வருஷத்துக்கு."

"எப்பப் போட்டீங்க?"

"நீ சொட்டைன்னு போன்ல சொன்னியே, அதுக்கு முன்னாடியே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வந்துடணும்னுதான் நெனைக்கிறேன். வந்தா இங்க எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. எந்த டம்ளர் எங்க இருக்குன்னு தெரியாது. நீ மிஷின்ல உக்காந்துடுவ, தெருவுல யாரையும் தெரியாது. ரெண்டாவது வாரமே லீவு எப்ப முடியும்னு இருக்கு. அங்க ஒரு கட்டில் இருக்கு, ஒரு வேலை இருக்கு, அது எனக்குப் பழகிப்போச்சு. இத உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் வண்டி, வண்டின்னு..."

"இத்தன வருஷமா நான் மட்டும் இங்க என்ன பண்றேன்னு நெனச்சீங்க? எனக்கு மட்டும் இது பழகிப்போச்சா?" என் குரல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவர் தலையை நிமிர்த்தி, "என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்றார். கேட்டது சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் பண்ண வேணாம். போறப்ப 'சீக்கிரம் வந்துடுறேன்'னு மட்டும் சொல்லாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் அத நம்பிட்டு ஒக்காந்திருக்கேன்."

லீவு முடிந்தது. டாக்சி வந்து சந்து முனையில் நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய் டாக்சியில் ஏறினார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்காத மனுஷன், அன்றைக்கும் கேட்காமல் இருந்திருக்கலாம்.