சார்ட்டில் சேர்க்காத வீடு

எண்பதுகளின் தொடக்கம். பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ தொழிற்பிரிவில் பால்பண்ணைப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பழக வேண்டும். பழகியதை வைத்து ஒரு புராஜெக்ட் செய்து, வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினரிடம் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் படித்தது போதும், மாட்டோடு நில் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சொசைட்டியில் லேக்டோமீட்டரை என் கையில் கொடுத்தார்கள். பாலில் மிதக்க விட்டால், தண்ணீர் கூடக்கூட அது முங்கும். அதைப் பிடித்ததும் எனக்கு வந்த தலைக்கனம் இருக்கிறதே! எங்கள் தெருப் பாலையெல்லாம் தினம் அளந்தேன். நல்ல பாலுக்கு நீலக் கோடு, தண்ணீர்ப் பாலுக்குச் சிவப்பு. ஒரே ஒரு வீடுதான் நீலம். அடப்பாவிகளா என்று பற்றிக்கொண்டு வந்தது. பெயர் போடாமல் தெருவில் வீடுகள் இருக்கும் வரிசைப்படி எண் மட்டும் போட்டு, சிவப்புக் கோடுகளுக்கு மேலே ‘ஏமாற்றும் வீடுகள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

எல்லாவற்றிலும் மோசம் எங்கள் வீட்டுப் பால்தான். முதல் நாளே பார்த்துவிட்டேன். எழுதினால் அம்மாவின் மானம் போகும். எழுதாவிட்டால் புராஜெக்டே பொய். அம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மூன்று முறை கோடு போட்டு மூன்று முறை அழித்தேன். தாள் நைந்து போனது. கடைசியில் புதுச் சார்ட் வாங்கி, எங்கள் வீட்டை விட்டுவிட்டே எழுதினேன்.

தேர்வு நாளில் பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்றிருந்தார்கள். எக்ஸாமினர் என் சார்ட்டின் முன் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, புல்லுக்கட்டை இறக்கிப் போட்ட கையோடு அம்மா வந்து நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இதுல நம்ம வூடு எதுடி?"

என் புத்தி எங்கே போனதோ, நீலக் கோட்டைக் காட்டினேன். நல்ல பால் என்றால் நீலம் என்று வேறு விளக்கினேன். அம்மா சிரித்துவிட்டாள்.

"அதெப்பிடி? நான்தான் கறந்ததும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துறனே. வெறும் பால யாராச்சும் காய்ச்சினா மாட்டுக்கு மடி வெந்துடும் சார். எங்க தெருவுல எல்லாரும் ஊத்துவாங்க."

அதில் மறைக்க ஒன்றுமில்லை அவளுக்கு. மாட்டுக்குத் தவிடு வைப்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எக்ஸாமினர் என்னைப் பார்த்தார். பிறகு ‘ஏமாற்றும் வீடுகள்’ என்று தலைப்பைச் சத்தமாக வாசித்தார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு சிவப்புக் கோடாக விரலை வைத்து, அக்கம்பக்கத்து வீடுகளின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். ஆமாம், ஆமாம் என்றேன். புராஜெக்ட், மார்க், தேர்வு எல்லாம் மறந்து போய், அவள் விரல் நின்றால் போதும் என்றிருந்தது. விரல் கடைசிக் கோட்டில் நின்றது.

"தெருவையே எழுதிட்ட. என்னெ மட்டும் எதுக்குடி வுட்ட?"