கிடாரத்துக்குப் பொட்டு வைத்தவன்

திருகோணமலையில் மத ஒற்றுமையைக் காப்பாற்ற நான்கு ரின் பெயின்ற் போதும் என்று நான் நம்பியிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினொரு வருடம். அரசாங்கங்கள் மாறின, அரச அதிபர்கள் மாறினார்கள், என் நம்பிக்கை மட்டும் அசையவில்லை.

நான் வாடகைச் சாமான் கடைக்காரன். கதிரை, மேசை, தறப்பாள், அகப்பை, வாளி, ஊருக்கே சமைக்கக்கூடிய பெரிய பித்தளைக் கிடாரங்கள். இந்த ஊரில் யாருடைய கடவுளுக்குச் சந்தோசம் வந்தாலும் முதலில் முதுகு நோவது எனக்குத்தான். தைப்பொங்கல் விழாவுக்கு மேடையும் தறப்பாளும் போகும். மாசியில் சிவராத்திரி, விடிய விடிய விழித்திருக்கப் போகிறவர்கள், சாய்ந்து படுக்க வசதியான கதிரையாகப் பார்த்துக் கேட்பார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சிக் கிடாரம். பங்குனியில் கோயில் கொடியேறும். சித்திரை வருடப்பிறப்புக்குத் ஏறியிருந்து தலையணைச் சண்டை போட மரமும் பரிசு வைக்க மேசையும் கேட்பார்கள். வெசாக் வந்தால் சிங்கள ஆட்கள் தெருவோரத்தில் தன்சல் போட்டு, வருகிறவன் போகிறவன் எல்லோரையும் மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுப்பார்கள். பசியில்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள். பிறகு தேவாலயத் திருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மார்கழியில் கிறிஸ்தவர்களின் ஒளிவிழா, நத்தார். தீபாவளிக்கு மட்டும் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்து சாப்பிடுவார்கள். தொழில் ரீதியாகப் பார்த்தால் அது ஒரு பிரயோசனமில்லாத பண்டிகை.

என் பிளாஸ்ரிக் கதிரைகள் இந்த மாவட்டத்தின் உண்மையான சமரசவாதிகள். வெசாக் மெழுகுதிரி ஒட்டிய கதிரையில் பாதிரியார் இருப்பார். அவர் எழும்பிய கதிரையில் அடுத்த கிழமை மௌலவி இருப்பார். மஞ்சள் கறை, அத்தர் வாசம், சாம்பிராணிப் புகை எல்லாம் ஒரே கதிரையில் கிடக்கும். ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

கிடாரம் அப்படி இல்லை. கோயில் அன்னதானத்துக்குப் போகும் கிடாரத்தில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் பட்டிருக்கக் கூடாது. மாட்டிறைச்சிப் புரியாணி வெந்த கிடாரத்தில் அம்பாளுக்குச் சோறு பொங்க ஏலாது. அதனால்தான் பெயின்ற். கோயிலுக்குச் சிவப்பு, முஸ்லிம் ஆட்களுக்குப் பச்சை, தேவாலயத்துக்கு நீலம், தன்சலுக்கு மஞ்சள். ஒவ்வொரு கிடாரத்தின் காதுக்குக் கீழேயும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு பொட்டு. கப்பலுக்குப் பூசுகிற பெயின்ற், உப்புத் தண்ணீரிலேயே போகாது என்று விற்றவன் சொன்னான். கப்பலை யாரும் விறகு அடுப்பில் ஏற்றுவதில்லை என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் பொட்டு கருகும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கும்போது மிச்சமும் போகும். நான் ஞாபகத்தில் இருந்து திரும்பப் பூசுவேன். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்பதை என் மனைவியிடம் கேட்க வேண்டும். கேட்காமலே சொல்லுவாள்.

அந்த வருடம் பண்டிகைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாளில் எங்கள் பகுதி அம்மன் கோயில் தேர். அது முடிய நான்கு நாளில் வருடப்பிறப்பு. தேரன்று காலையில் நான் பாலையூற்றில் ஒரு கலியாண வீட்டுக்குக் கதிரை இறக்கப் போயிருந்தேன். கோயில் ஆட்கள் உழவு இயந்திரத்தில் வந்து கிடாரங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எடுத்துக் கொடுத்தது என் மனைவி. கொடுத்துவிட்டு அவளும் மரக்கறி வெட்டக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

எட்டு மணிபோல நான் திரும்பி வந்து கிடாரங்கள் வைக்கிற கொட்டிலைத் திறந்தேன். ஒரு சிவப்புக் கிடாரம் மூலையில் இருந்தது.

என்னிடம் இருப்பது ஆறு சிவப்பு. கோயில் தேருக்கு எடுப்பது எப்போதும் ஆறு. அப்பா கடையை நடத்திய காலத்திலும் ஆறுதான். ஆறும் போயிருந்தால் இந்த ஏழாவது சிவப்பு எங்கிருந்து வந்தது? பச்சையை எண்ணினேன். மூன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்தது. திரும்ப எண்ணினேன். இரண்டை எத்தனை தரம் எண்ணினாலும் இரண்டுதான் என்பதை அன்று ஐந்து தரம் உறுதிப்படுத்தினேன்.

பத்து நாளுக்கு முன்னர் கிண்ணியாவில் மாட்டிறைச்சிப் புரியாணி வெந்த கிடாரம், நான் தவறாகச் சிவப்புப் பொட்டு வைத்ததால், கோயிலுக்குப் போய்விட்டது. கொட்டிலைப் பூட்டாமலே ஓடினேன்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது மிச்ச வாழ்க்கை முழுவதையும் பார்த்து முடித்துவிட்டேன். விசயம் வெளியே வந்தால் கோயில் ஓடர் கைவிட்டுப் போகும். கோயில் போனால் பள்ளிவாசலும் போகும். கிடாரத்தைக் கலக்கிறவனை எவன் நம்புவான்? தேவாலயமும் தன்சல்காரரும் பின்னால் போவார்கள். முகநூலில் என் படம் வரும். கடைத்தெருவைப் பூட்டுவார்கள். பிறகு பெரியவர்கள் கூடிச் சமாதானக் கூட்டம் வைப்பார்கள். அதற்கும் கதிரை என்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வழியில் நிறுத்திக் கிண்ணியாச் சமையற்காரருக்குப் போன் எடுத்தேன். பெருநாளுக்கு மூன்று பச்சையையும் கொண்டுபோனவர் அவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றுதான் கூப்பிடுவேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஏழு தரம் அடித்தேன்.

கோயிலின் பின்பக்கம் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. வாழை இலைக் கட்டில், இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோல அலையும் மான்கள் இரண்டு வாய் வைத்துக்கொண்டிருந்தன. துரத்த ஒருவருக்கும் நேரம் இல்லை. அடுப்பில் ஐந்து கிடாரம். ஐந்தும் அடியிலிருந்து காதுவரை கரி. பொட்டாவது கிட்டாவது. ஆறாவது எங்கே?

"அண்ணை, மற்றது எங்க?" என்று தலைமைச் சமையற்காரரிடம் கேட்டேன். வயிற்றுக்கு மேலே சாரத்தை இறுக்கிக் கட்டிய பெரிய மனிதர். கையில் படகுத் துடுப்பு அளவில் ஒரு அகப்பை.

"எது மற்றது? சக்கரைப் பொங்கலோ? அது மடைப்பள்ளிக்குள்ள வேகுது. அம்பாளுக்குப் படைக்கிறதை வெளியில வைப்பினமோ?"

ஆறில் ஒன்று அம்பாளுக்கே போய்விட்டது. அந்தப் புரியாணிக் கிடாரத்தையே தேடிப் பிடித்து அம்பாளுக்கு முன்னால் வைத்திருந்தால்? மடைப்பள்ளிக்குள் ஐயர்மாரைத் தவிர யாரும் போக ஏலாது. அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதன் சொல்லியிருப்பான். நான் பொய் சொன்னேன்.

"அண்ணை, ஒரு கிடாரத்தில ஈயம் போயிட்டுது. மாறி வந்திட்டுது. களிம்பு ஏறும். மாத்திப் போடுவம்."

ஈயம் பூசாத பித்தளையில் புளி போட்டுச் சமைத்தால் நஞ்சு என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். கிடாரத்தை மாற்ற இதைவிட நல்ல காரணம் கிடையாது என்று என் மூளை சொன்னது. அதே மூளைதான் கப்பல் பெயின்றையும் வாங்கியது.

சமையற்காரரின் அகப்பை நின்றது. "எந்தக் கிடாரம்?"

"அதுதான் தெரியேல்லை."

"தெரியேல்லையோ? டேய் தம்பி, சாம்பார் கொதிக்குது. இப்ப வந்து நஞ்செண்டு சொல்லுறாய்!"

அவருடைய சாதாரணக் குரலே தேர்வடம் பிடிப்பவர்களுக்குக் கேட்கும். இரண்டு நிமிடத்தில் கோயில் தலைவர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எங்கள் வயதுக்காரர் பாதிப்பேருக்குப் பிரம்பால் கணக்குப் படிப்பித்தவர். எனக்கும்தான்.

"ஈயம் போன கிடாரத்தையோ கோயிலுக்குத் தந்தனீர்?"

"இல்லை சேர், சில நேரம் போகாமலும் இருக்கலாம்."

"சில நேரமோ? சனத்துக்கு என்ன பதில் சொல்லுறது? எல்லாத்தையும் கொட்டச் சொல்லுறீரோ?"

கொட்டச் சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை. தேரடியில் சனம் நிறைந்திருந்தது. வெயிலில் வடம் இழுத்தவர்கள், கப்பல்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், பிள்ளை தூக்கியவர்கள். எல்லோரும் மத்தியானச் சோற்றை நம்பி நின்றார்கள். மச்சக் கிடாரத்தைக் காப்பாற்றப் போய் ஐந்து கிடாரச் சாப்பாட்டையும் நஞ்சாக்கியிருந்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பிலும் அடிக்க முன்னர் அப்படித்தான் துடைப்பார்.

"பூசை முடியட்டும். முடிஞ்ச உடனே நீர் முன்னுக்கு இருந்து சாப்பிடும். ஐந்திலும் ஒவ்வொரு அகப்பை. அரை மணித்தியாலம் பாப்பம். உமக்கு ஒண்டும் ஆகாட்டில் சனத்துக்குக் குடுப்பம்."

"ஆகினால் சேர்?"

"ஆகினால் குடுக்க மாட்டம்."

பூசை நடந்தது. நைவேத்தியத்தைத் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். கிடாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடினேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாததால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தலைவரின் காதுக்குக் கிட்டப் போய், "சேர், ஈயமில்லை, வேற ஒரு விசயம்" என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மேளமும் மணியும் ஒன்றாக எழுந்தன. அவர் "ஓம் ஓம், பிறகு" என்று கையைக் காட்டினார். அதோடு என் வீரம் முடிந்தது.

முன்வரிசையில் ஒரு கதிரை போட்டார்கள். என்னுடைய கதிரைதான். முன்னால் இலை. சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கறி, பருப்பு, பாயாசம். சனம் வட்டமாக நின்று பார்த்தது. சாப்பிடுகிறவனைப் பார்ப்பது மரியாதையில்லை என்று எங்களை வளர்த்துவிட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்று எல்லோரும் அதை மறந்திருந்தார்கள்.

"மச்சான், முகம் பச்சையாகுது," என்று கூட்டத்தில் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

"அது அவற்ற நிறம்தான்."

"விக்கல் வந்தால் சொல்லுங்கோ அண்ணை, ஓட்டோ நிக்குது."

கொடியேறிய நாளிலிருந்து விரதம், வீட்டில் முட்டைகூட இல்லை. அப்படிப்பட்டவன், இதில் எதில் புரியாணி வெந்திருக்கும் என்று யோசித்து யோசித்து விழுங்கினேன். சாம்பாரில் ஏலக்காய் மணத்தது. பருப்பில் கறுவாப்பட்டை மணத்தது. பாயாசத்தில் எனக்கு இறைச்சியே மணத்தது. வியர்த்துக் கொட்டியது. அதைப் பார்த்துச் சனம் இரண்டு அடி பின்னால் போனது.

அரை மணித்தியாலம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. நானா.

"தம்பி, நோன்பு புடிச்சிட்டுக் கொஞ்சம் கண்ணசந்திட்டன். ஏழு தரம் அடிச்சிரிக்கிங்க. ஆரும் மௌத்தா?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை நானா. பச்சைக் கிடாரம் மூண்டும் எங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு நீங்க எடுத்துப் போயிட்டீங்க. மத்தது எங்கட பள்ளிவாசல்ல இரிக்கி. ஆறு நோன்புக் கஞ்சிக்கு வைச்சிக்கிறன் எண்டு சொன்னனே." பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பு அது.

"எனக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னன். ஓம் ஓம் எண்டீங்க. உங்கட வாய்க்குள்ள கச்சான் கடலை வேற இரிந்திச்சி."

போனை வைத்தேன். பச்சைக் கிடாரம் கோயிலுக்கு வரவேயில்லை. அப்படியென்றால் கொட்டிலில் மிஞ்சியிருக்கும் சிவப்பு? மனைவி சோற்று வாளியோடு பக்கத்தில் வந்து நின்றாள். அரை மணித்தியாலமாக அவள் என் முகத்தைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் நின்றவள். இவன் யாருடைய மனுசன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமாக இருக்கும்.

"இஞ்சேருங்கோ, ஈயம் எப்ப போனது? மாசியிலதானே எல்லாத்துக்கும் பூசினனீங்கள்?"

"அதை விடும். கோயிலுக்கு எத்தனை கிடாரம் குடுத்தனீர்?"

"அஞ்சு."

"ஏன் அஞ்சு? ஆறெல்லோ?"

"மடைப்பள்ளிக்கு ஆரோ புதுக்கிடாரம் உபயம் செய்திருக்கினமாம். இந்த முறை அஞ்சு போதுமெண்டு போன கிழமையே சொல்லிப்போட்டினம். நான் உங்களுக்குச் சொல்ல வர, நீங்கள் கை காட்டினீங்கள், பெயின்ற் பூசிறன், பிறகு கதை எண்டு."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "குடுங்கோ" என்றார். பந்தி அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. இரண்டு மணிக்குள் ஐந்து கிடாரமும் துப்பரவாக முடிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருடம் கோயில் கிடாரங்களை வேறு கடையில் எடுத்தது. ஈயம் போனதென்று நான்தான் சொன்னேன். கதிரைகளை மட்டும் என்னிடம் எடுத்தார்கள்.