விலை போட்ட பாக்கெட்

ஜெயசீலியின் கைப்பையில் குடை இருக்கும், சீசன் டிக்கெட் இருக்கும், சின்ன ஜெபப் புத்தகம் ஒன்று இருக்கும். கொஞ்ச நாளாக கேஸ் ரெகுலேட்டரும் இருந்தது. ஆமாம், சிலிண்டர் தலையில் மாட்டுகிற அதேதான். பெங்களூர் போகிற விடிகாலை ரயிலில் சீப்புக்காகப் பையில் கையை விட்டால் முதலில் அதுதான் வெளியே வரும். எதிர் சீட்டு லதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"சீலிக்கா, ஊருல எல்லாரும் வீட்டுச் சாவிய எடுத்துனு வருவாங்க. நீ அடுப்பையே எடுத்துனு வர்ற!"

சிரிக்கிற விஷயமா அது? ஜெயசீலியின் அப்பா சுந்தரராஜுக்கு எண்பதை ஒட்டிய வயது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் அடியில் இறங்கி வேலை பார்த்தவர். உடம்பில் குறை ஒன்றுமில்லை, மறதிதான் பொல்லாதது. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு சர்ச் வரைக்கும் காலாற நடந்து போய்விட்டார். பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவுக்கு கேஸ் நாற்றம் அடித்து, ஓடி வந்து அடுப்பை மூடினாள். யாராவது ஒரு தீக்குச்சி கிழித்திருந்தால் அந்த லைன் வீடுகள் அத்தனையும் போயிருக்கும். அன்றைக்குப் பையில் ஏறியதுதான் அந்த ரெகுலேட்டர்.

கரண்ட் அடுப்பு வாங்கக்கூடாதா என்பீர்கள். வாங்கினாள். மனுஷன் பிளாஸ்டிக் சொம்பை அதன்மேல் வைத்து உருக்கிவிட்டார். பார்வதம்மா ஒரு கவளம் போடமாட்டாளா என்பீர்கள். போடுவாள், ஆனால் அடுத்த வீட்டுச் சோறு அவருக்குத் தொண்டையில் இறங்காது. அப்படி ஒரு வீம்பு.

ஜெயசீலிக்கு நாற்பத்தெட்டு வயது. பெங்களூரில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டையைத் திருப்பிப் போட்டு, தையல், பொத்தான், கழுத்து லேபிள் எல்லாம் சரியா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஏன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ட்ரெயினுக்கு லேட்டாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். கெட்டிக்காரி. அந்த வேலைமேல் அவளுக்கு உயிர். மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே அக்கா அக்கா என்று பெண்கள் சுற்றி நிற்கும்போதுதான் அவளுக்குத் தானும் ஒரு ஆள் என்று தோன்றும்.

இருட்டு பிரியுமுன் எழுந்து சோறு பொங்குவாள். ஒரே பானைச் சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து, பாதியை அப்பாவின் ஹாட்பாக்ஸில் வைப்பாள், பாதியைத் தன் டப்பாவில் அடைத்துக்கொள்வாள். மத்தியானத்துக்குள் அது வேர்த்துப் புளித்துவிடும்.

"இன்னாம்மா இது?" என்றார் சுந்தரராஜ் ஒருநாள். "சுரங்கத்துல கீழ லெவல்ல சூடு தாங்காது. பாதி ஷிப்டுக்குள்ள சோறு ஊசிப்பூடும். மூக்கப் புடிச்சினு அதத்தான் அத்தினி வருஷம் துன்னேன். மேல வந்தும் அதேவா?"

அதற்குப் பிறகு ஹாட்பாக்ஸ் தினமும் காலியாகத்தான் இருந்தது. ஜெயசீலிக்கும் சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வதம்மாதான் போட்டு உடைத்தாள். "சீலி, உங்கப்பா சோத்தத் துன்றது என் கோழிங்கதான். அவரு பேன்ட்டு இடுப்புல நிக்காம கயிறு கட்டினு கீறாரு, நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் ரயிலில் ஜெயசீலி வாய்விட்டே அழுதாள். "மத்தியானம் சுடச் சுட ஒரு வாய் துன்ன வழி இல்லன்னா மாசக் கடைசில நான் வேலைய வுட்டுடுறேன் லதா. வேற இன்னா செய்வேன்?"

லதா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எங்க அண்ணன் மனோகர் மிலிட்டரில இருந்தாருல்ல, அவரு சொல்லுவாரு. அங்க பாக்கெட்டுல சோறு தருவாங்களாம். கூட ஒரு பை. அதுல தண்ணி ஊத்தினா நெருப்பே இல்லாம சூடாயிடுமாம்."

அவ்வளவுதான், ஜெயசீலிக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே பூட்ஸும் பெல்ட்டும் பச்சைப் பையும் தொங்குகிற ஒரு நடைபாதைக் கடையில் புகுந்து பச்சை பாக்கெட்டுகள் வாங்கி வந்தாள். "அசல் மிலிட்டரி மால், மேடம்" என்று கடைக்காரன் சத்தியம் செய்தான்.

சுந்தரராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "நாட்... ஃபார்... சேல்." கண்ணாடியைக் கழற்றினார்.

"விக்கிறதுக்கு இல்லன்னு போட்டுகீது. அப்போ எப்படி வித்தான்? சுரங்கத்துலேர்ந்து கேஜ்ல மேல வந்தா எங்கள வாயத் தொறக்க வெச்சிப் பாத்துட்டுத்தான் கேட்டுக்கு வெளிய வுடுவாங்க. தங்கத்துக்கு நடுவுல கெடந்தேன், ஒரு பொட்டு எடுத்தேனா? இப்போ எவனோ ஒரு சிப்பாய்க்குப் போற சோத்தத் துன்ன சொல்றியா?"

பாக்கெட்டைத் தள்ளிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டையும் தொடவில்லை. ஜெயசீலிக்கு முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னே? நாளெல்லாம் லேபிள் பார்த்துச் சம்பாதிக்கிறவள் இந்த லேபிளைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறாள்!

அந்த ஞாயிறு பங்காருபேட்டையில் மனோகர் வீட்டுக்குப் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேதிய சொரண்டிட்டு வேற அச்சு குத்திகீறான். மூலை உப்பிகீது பாருங்க. உப்பின பாக்கெட்டத் தொறக்கவே கூடாது. இது திருட்டா, டூப்ளிகேட்டா, தெரியாது. எப்படி இருந்தாலும் வேணாம், தூரப் போடுங்க."

"அப்போ எங்களுக்கு வழியே இல்லியாண்ணா?"

"ஏன் இல்ல? பட்டாளத்துக்குச் செய்யற மாதிரியே நம்மளுக்கும் செஞ்சி விக்கிறாங்க. பச்ச கலரப் பாத்து, மிலிட்டரின்ற எழுத்தப் பாத்து மயங்காதீங்க. விலை போட்டுகீதா, அத மொதல்ல பாருங்க. சிப்பாய்க்கு யாரும் சோத்த விக்கிறதில்ல, அதனால அங்க விலை போடமாட்டாங்க. நம்மளுக்கு வர்றதுல விலை இருக்கும், தேதி இருக்கும், ஃபுட் லைசென்ஸ் நம்பர் இருக்கும், செஞ்சவன் அட்ரஸ் இருக்கும். சூடு பண்ற பை கூட வருதான்னு கேட்டு வாங்குங்க. அதுக்குக் கிட்ட தீக்குச்சி ஆவாது, ஜன்னலத் தொறந்து வெச்சிக்கணும்."

லதா போனிலேயே தேடினாள். அவள் காட்டிய ஒவ்வொரு படத்தையும் ஜெயசீலி சட்டைக் காலர் பார்ப்பதுபோலப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாலும் சரியாக இருந்த ஒன்றைத்தான் வாங்கச் சொன்னாள்.

பெட்டி வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சுந்தரராஜ் கண்ணாடியை மாட்டினார். "எங்க விலை?"

"தோ டாடி."

அச்சடித்த விலைமேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "சரி. கடைச் சாமான்தான்."

ஜன்னலைத் திறந்துவிட்டு, சூடு பண்ணுகிற வெள்ளைப் பைக்குள் சாம்பார் சாதப் பாக்கெட்டைச் செருகித் தண்ணீர் ஊற்றினாள். உஸ்ஸென்று சீறி ஆவி வந்தது. கிழவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஏய், சுரங்கத்துல தண்ணி ஊத்திக் கொளுத்துவோமே, அந்த கார்பைடு லைட்டு! அதே சத்தம்மா இது!"

"கிட்ட தீக்குச்சி மட்டும் கொண்டாரக் கூடாது டாடி."

"அத நீ எனக்குச் சொல்றியா?"

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "காரம் சுத்தமா இல்ல. ஆனா ஊசல" என்றார். பிறகு பாக்கெட்டை எடுத்து, ஒரு வருஷம் தாங்கும் என்று போட்டிருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஆள் இருந்தால் சரி. தனியாக இருக்கும்போது ஞாபகம் வருமா? மறுநாள் மேஜைமேல் பாக்கெட், பை, டம்ளரில் தண்ணீர் எல்லாவற்றையும் வைத்து, ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு ரயில் ஏறினாள். மத்தியானம் தன் டப்பாவைத் திறந்து, வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கிவிட்டு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் எடுக்கவில்லை. வேலையை விடுவதாக சூப்பர்வைசரிடம் சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அந்த அம்மாள் மீட்டிங்கில் இருந்தாள்.

ஸ்டேஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வீட்டு வாசலிலேயே உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. உள்ளே பாய்ந்தாள். மேஜைமேல் வெள்ளைப் பை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"இப்பதான் சாப்பிடப் போறீங்களா? மத்தியானம் துன்னலியா?"

"கொடியில பாரு."

துணிக்கொடியில் ஒரு காலிப் பாக்கெட், கழுவி, கிளிப் போட்டுத் தொங்கியது.

"போன் ஏன் எடுக்கல?"

"பார்வதம்மாவ கூப்ட்டுனு வந்து இத காட்டினு இருந்தேன். போன யாரு பாத்தது?"

"அப்போ இது யாருக்கு?"

"உனக்கு. ட்ரெயின் ஊதினது கேட்டுச்சி, தண்ணி ஊத்தினேன்."

துணியால் பிடித்துப் பாக்கெட்டை இழுத்து, ஓரத்தைக் கிழித்துத் தட்டில் கொட்டினார். "ஒரே பானைச் சோத்த ரெண்டு டப்பால போடுற. என்னுது ஊசிப்பூட்டா உன்னுது மட்டும் நல்லா இருக்குமா? நான் கோழிக்காச்சும் போட்டேன். இத்தினி வருஷமா நீ அங்க உக்காந்து இன்னாம்மா துன்ன?"

ஜெயசீலி கைப்பையை மேஜைமேல் வைத்தாள், உள்ளே ரெகுலேட்டர் டங்கென்று இடித்தது.

"அடுப்பு உன் பையிலயே இருக்கட்டும். எனக்கு ரோசம் ஒண்ணும் இல்ல. நாளையிலேர்ந்து பக்கத்துல இதுல ஒண்ணையும் வெச்சிக்கோ. துன்னு, ஆறிடப் போவுது."

அவள் அந்தச் சோற்றை ஊதக்கூட இல்லாமல் அள்ளி வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, அதில்தான் காரமே கிடையாதே.