வெள்ளிக்கிழமை பார்த்த கோலாலம்பூர்

புலம்பெயர்ந்து வந்து வாழும் மோர்னிங்சைட்டில் எங்கள் அடுக்குமாடியில் கப்பல் சுற்றுலா போய்வராத குடும்பம் இப்போது குறைவு. காலையில் இறங்கி மாலையில் ஏறுவதற்குள் ஒரு தலைநகரத்தையே பார்த்து முடித்த கதையை லிஃப்டுக்குள் நின்றபடி சொல்வார்கள். பஸ் இலக்கத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போனார்களாம். நான் தலையாட்டிக் கேட்பேன். அரசாங்க அலுவலகத்தில் நெடுங்காலம் விதிமுறைகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவள் நான். அயலார் பேசும்போது குறுக்கே விழாமலிருப்பதும் ஒரு விதிமுறைதான். ஆனால் ஒரே நாளில் ஒரு தலைநகரத்தைப் பார்ப்பதை நான் எட்டு வயதிலேயே செய்து முடித்துவிட்டேன்.

அப்பா சிங்கப்பூரில் கிளாக்கராக இருந்தார். வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகி, நாங்கள் மூவரும் கொழும்புக்குக் கப்பல் ஏறினோம். ஊரில் அத்தைக்குக் கல்யாணம் பேசி நாளும் வைத்தாயிற்று. அவருடைய கூறைச் சேலை எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் பயணம் செய்தது. வழியில் கோலாலம்பூருக்குக் கிட்டிய துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும்.

கோலாலம்பூரில் பெரியம்மா இருந்தார். சில மாதங்களுக்கு முன் பெரியப்பா இறந்துபோனபோது எனக்கு அம்மாள் வருத்தம், அம்மை போட்டிருந்தது; உடம்பெல்லாம் கொப்புளம். அம்மாள் வந்த வீட்டிலிருந்து செத்தவீட்டுக்குப் போவதில்லை. அதனால் அம்மா தன் ஒரே அக்காவோடு இருந்து அழக்கூட முடியாமல் போயிற்று. இனி ஊருக்குப் போய்விட்டால் எப்போது காண்பது? அந்த ஒரு பகலைத்தான் அம்மா நம்பியிருந்தார்.

அது வெள்ளிக்கிழமை என்று தெரிந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார். செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கக் கூடாது. அதிலும் கூறையோடு போகிறவர்கள், ஓராண்டு நிறைந்து ஆட்டைத் திவசம் முடியாத வீட்டின் படியை மிதிக்கவே கூடாது.

“அவ என்ரை அக்காவெல்லோ, என்னப்பா.”

“அது எனக்குத் தெரியாதே? கப்பல் முழுக்க எங்கட சனம். நாங்கள் கொழும்பிலை இறங்க முன்னமே மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போயிடும்.”

அதன் பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் என் மூலமாகவே கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, மேல்தட்டில் நின்ற ஊர்ச்சனம் எல்லோருக்கும் கேட்கும்படி, “நாங்கள் ஊர் பாக்கப் போறம்,” என்று அறிவித்துவிட்டு அப்பா ஒரு வாடகைக் கார் பிடித்தார்.

அவர் ஊர் காட்டிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பத்துமலையில் அடிவாரத்தில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம். படியேறிக் குரங்கு பார்க்க வேண்டும் என்று நான் அழுதேன். “முருகன் கீழையும்தான் இருக்கிறார்,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். புகையிரத நிலையத்தின் குவிமாடக் கும்பங்களை ஓடும் காரிலிருந்தே பார்த்தோம். அருங்காட்சியகத்தில் வாசலை மட்டும் பார்த்தோம். அப்பா அதிகம் பார்த்தது தன் கைக்கடிகாரத்தைத்தான். அம்மா ஒன்றையுமே பார்க்கவில்லை.

கடைசியாக ஏரிப் பூங்கா. அங்கே இறங்கியதும் அப்பாவின் அவசரமெல்லாம் எங்கோ போய்விட்டது. “அந்த மரத்தடியிலை நிழல் கிடக்கு. அங்கை போய் இரு,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னை வாத்துகள் நீந்திய தண்ணீர்க்கரைக்குக் கூட்டிப்போனார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மரத்தடி வாங்குப் பலகையில் வெள்ளைச் சேலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த நிலையிலேயே தெரிந்தது. பிறகு ஓடினார். அம்மா ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். பொட்டில்லாத அந்த முகத்தை அடையாளம் காண எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அப்பா, அங்கை பெரியம்மா!”

“உதிலை எத்தினை தாரா நிக்குது? எண்ணு பாப்பம்.”

“பெரியம்மா எண்டுறன், அப்பா!”

“தாரா எண்ணேக்கை ஆக்களைப் பாக்கக் கூடாது, பிள்ளை. கணக்குக் குழம்பிப் போம்.”

எண்ணினேன். தாரா ஓரிடத்தில் நிற்கிற சாதியில்லை. முதலிலிருந்து எண்ணு என்று அப்பா திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் ஏரியைப் பார்த்து நின்றவர் நின்றவர்தான், ஒருதரம்கூடத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்கு விதியுண்டு, துக்க வீட்டுக்கு விதியுண்டு, கூறைச் சேலைக்கும் உண்டு. ஏரிக்கரை வாங்குக்கு மட்டும் ஒருவரும் விதி எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு இப்படியொரு வாங்கைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், குரங்கு பார்க்க இல்லாத நேரம் தாராவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்ற எரிச்சல்தான்.

கரையோரக் கடையில் அப்பா நாலு கிளாஸ் சர்பத் வாங்கினார்.

“நாங்கள் மூண்டு பேரெல்லோ?”

“ஓமென்ன! பிழையாச் சொல்லிப் போட்டன். வீணாக்கக் கூடாது. அம்மாவுக்குப் பக்கத்திலை ஆரும் இருந்தால் குடு.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, அம்மாள் தழும்புகளைப் பார்த்தார். பிறகு ஏரிப்பக்கம் நின்ற முதுகை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். துக்க வீட்டில் விடைபெறும்போது சொல்லக் கூடாத சொல்லை அம்மா வாய் நிறையச் சொன்னார்: “போட்டு வாறன், அக்கா.”

கார் புறப்பட்டதும் எனக்கு அப்பாவை நினைக்க இரக்கமாக இருந்தது.

“அது பெரியம்மாதான் அப்பா. நீங்கள் காணாமல் விட்டிட்டியள்.”

“அப்பிடியே? அடடா! வடிவாச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணால் தண்ணீர் வழிந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாத ஒரு மனிதரைப் பார்த்து இப்படியா சிரிப்பது என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. கொழும்பில் இறங்கியதும் முதல் வேலையாக அவரை ஒரு கண் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.