முட்டி போடுகிற வேலை
ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் என் கணவருக்கு முழங்காலுக்குள் தசைநார் அறுந்துபோனது. அவர் உடம்பிலிருந்தே வேறு நார் எடுத்து வைக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர்.

"முட்டிக்கு முன்னாடியிருந்து எடுத்தா கெட்டியா பிடிக்கும். ஆனா முட்டி போட்டா வலிக்கலாம். தொடைக்குப் பின்னாடியிருந்தும் எடுக்கலாம்."

கெட்டியானதே இருக்கட்டும் என்று இவர் தலையாட்டிவிட்டார். நான் பதறிப்போய், "டாக்டர், இவரு டைல்ஸ் போடறவரு. நாள் பூரா முட்டி போட்டுதான் வேலை" என்றேன்.

"அத மொதல்ல சொல்லுங்கம்மா! அப்ப பின்னாடியிருந்தே எடுத்துடலாம்."

அடுத்த வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இரண்டு முட்டியையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"முதுகுதான் வலிக்குது" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.