மூன்றாவது இஞ்செக்டரில் சந்தனம்

என் கார் பழைய டர்போ. நான் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி வைத்த பிறகு, தீவிலிருந்து கரைக்குப் போகும் நீண்ட பாலத்தில் வேகமெடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலைத் தூவும் இஞ்செக்டர்கள் நான்கையும் பெரிதாக மாற்றச் சொன்னான் மச்சான். மச்சான் என் மனைவியின் ஒரே தம்பி. பாலத்துக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான்.

எனக்குக் கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். ஒரு தூசு விழுந்தால் மெஷின் நிற்கும். பதினெட்டு வருஷமாக அங்கே இருப்பதால், சுத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் உண்டு; மச்சான் கடையிலும் அதைச் சொல்லிக்கொள்வேன்.

இஞ்செக்டர்கள் வந்து சேர்ந்த மறுநாள் ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் மேசை போட்டு ஸ்பேனர், ஜாக், மச்சானின் லேப்டாப் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். நானும் என் நான்கு இஞ்செக்டர்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றின் நுனியிலும் ரப்பர் மூடி இருந்தது. வந்திருந்தவர்களிடம் பெருமையடிக்க ஒன்றின் மூடியைக் கழற்றி, ஊசிமுனை அளவு ஓட்டைகளைக் காட்டினேன்.

“மூடிய தொறக்காதீங்க மாமா” என்றான் மச்சான்.

“எனக்குத் தெரியும்லா.”

கற்பூரம் காட்டியதும் சந்தனத் தட்டை வாங்கி, மேசையில் இருந்த எல்லாவற்றுக்கும் நானே பொட்டு வைத்தேன். அடுத்த வாரம் இஞ்செக்டர்களை மாட்டியதும் நான்தான். தானே மாட்டுவதாக மச்சான் சொல்லியும் விடவில்லை. மேலே இருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டினேன். அவன் லேப்டாப்பை இணைத்து, புது இஞ்செக்டர்களுக்கு ஏற்றபடி பெட்ரோல் அளவை ட்யூனிங் செய்தான்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். டர்போ வேலை செய்ய ஆரம்பித்ததும் எஞ்சின் உதறியது. திரும்பி வந்து திரையைப் பார்த்தவன், “மூணாவது இஞ்செக்டர்ல மிஞ்ஞாக் சரியா வரல, பெட்ரோல் அடைக்குது. கழட்டிப் பாத்துடலாம் மாமா” என்றான்.

மாட்டியவன் நானல்லவா? சுருக்கென்று கோபம் வந்தது. “ட்யூனிங் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. மச்சானாச்சேன்னு நம்பி காடிய குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றேன். காருக்காகக் காத்திருந்த நான்கு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மச்சான் லேப்டாப்பை மூடிச் சாவியை என் கையில் கொடுத்தான். கெலுகோரில் இருக்கும் வீடு வரை காரை வேகமெடுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று காலையில் மச்சான் வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். மனைவி சத்தம் போடவில்லை. “எனக்குப் பொறந்த வீடுன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். நீங்க வராட்டியும் நான் போவேன். ஆனா நீங்க எங்கன்னு அவன் கேட்டா, நான் என்ன சொல்ல?” என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது இஞ்செக்டரைக் கழற்றினேன். நான்கு ஓட்டைகளில் இரண்டு மஞ்சளாக அடைத்துக் கிடந்தன. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் சந்தனம் மணத்தது. மூடி திறந்திருந்த அந்த ஒன்றின் நுனியிலேயே பொட்டு வைத்திருக்கிறேன். பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் மச்சான் கடை அடைக்கும் நேரம் பார்த்துப் போனேன். வேறு யாரும் இல்லை. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இஞ்செக்டரைக் கொடுத்து, “தப்பு என்னுதுதான் மச்சான்” என்றேன்.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். “சுத்தம் பண்ணி வைக்கிறேன்” என்றான். பிறகு ஷட்டரை இழுத்துக்கொண்டே, “அன்னிக்கு நாலு பேரு இருந்தாங்க மாமா” என்றான்.

சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காரை இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். ஊருக்குப் போகிறவர்களின் கார்கள் வாசல் வரை நின்றன. அன்றைய நால்வரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். “ட்யூனிங் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இஞ்செக்டர் நுனியில சந்தனம் வச்சு அடைச்சது நான். மச்சான் கழட்டிப் பாக்கலாம்னு சொன்னப்ப, அவன வாய்க்கு வந்தபடி பேசுனதும் நான்” என்றேன். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்னொருவர், “தூசு விழாத தொழிற்சாலையில வேலன்னு சொன்னீங்களே அண்ணே” என்றார். வாங்கிக்கொண்டேன்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சுத்தம் செய்த இஞ்செக்டரை எடுத்தான். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவன் அதில் டார்ச்சை வைத்தான்.

“நான் மாட்டுறேன். நீங்க லைட்ட பிடிங்க மாமா.”

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டி முடித்து நிமிர்ந்தவன், “திங்கக்கிழம காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க. அக்கா வந்தாத்தான் தோசை சுடுவேன்னு வீட்ல சொல்லிட்டா” என்றான்.